மகா ஓயா வெந்நீரில் மின்சாரம்: அமைப்பின் காசைப் போடலாமா?

கரடியனாறு செயலாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செங்கலடி–பதுளை வீதிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருக்கிறேன். கொஞ்சம் அவசரமான கேள்வி. விஷயம் தெரிந்தவர்கள் பதில் தாருங்கள்.

போன மாதம் மூன்று பேர் எங்கள் அமைப்புக் கட்டடத்துக்கு வந்தார்கள். பளபளக்கும் தாளில் அச்சடித்த புத்தகம் ஒன்று, மடிக்கணினி ஒன்று. மகா ஓயா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கிட்டவாகத் துளையிட்டு 5 மெகாவாட் புவிவெப்ப மின்நிலையம் கட்டப் போகிறார்களாம். இரண்டு வருடத்தில் மின்சாரம், மூன்றாம் வருடம் முதல் பங்கு இலாபம். ஒரு பங்கு ஒரு இலட்சம். "கீழே நெருப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, விறகு வாங்கத் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பேச்சு நன்றாகப் பிடித்துவிட்டது.

அமைப்பின் சேமிப்பில் 14 இலட்சம் இருக்கிறது. போகத்துக்குப் போகம் ஏக்கர் கணக்கில் வாங்கி 11 வருடமாகச் சேர்த்த காசு. வாய்க்கால் திருத்தவும், ஆராவது செத்தால் அந்தரத்துக்குக் கொடுக்கவும் வைத்திருக்கிறோம். பத்து இலட்சத்தைப் போடுவோம் என்று பாதிப்பேர் நிற்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் என் அத்தானும் தன் பங்குக்குப் போடத் தயார்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. 2022இல் 13 மணி நேரம் கரண்ட் நின்ற நாட்களில் என் மகன் சாதாரண தரப் பரீட்சைக்குக் குப்பி விளக்கில் படித்தவன். மகா ஓயாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அடுத்தடுத்து இருக்கும் கட்டுக் கிணறுகளில் ஒன்றில் கை வைக்கலாம், பக்கத்துக் கிணற்றில் வைக்க முடியாது. முழங்கால் வீங்கிய ஒரு கிழவி கிணற்றுக் கட்டில் இருந்து, சிரட்டையால் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தா. அந்தச் சூடு வீணாகத்தானே போகிறது என்று அன்றைக்கே நினைத்தேன்.

அந்தச் சூட்டில் உண்மையிலேயே மின்சாரம் எடுக்கலாமா? காசு போனால் எந்த இடத்தில் போகும்? ஞாயிறு கூட்டத்தில் நான்தான் எழும்பிப் பேச வேண்டும்.


அம்பாறை வெயில் எழுதியது:

அக்கா, நான் ஆதரவு. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடு நிலத்துச் சூட்டில்தான் குளிர்காய்கிறது. இத்தாலியில் லார்டெரெல்லோ என்ற இடத்தில் 1904இலேயே நிலத்து நீராவியால் ஐந்து மின்குமிழ் எரித்துக் காட்டினார்கள். 1913இல் மின்நிலையமே ஓடத் தொடங்கிவிட்டது. சூரிய மின்சாரம் பொழுதுபட்டதும் படுத்துவிடும். காற்று நினைத்தபோதுதான் வீசும். இது இரவு பகல் பார்க்காமல் ஓடும். நூறு வருடத்துக்கு முந்திய விஷயத்தை நாங்கள் இன்னும் சிரட்டையால் அள்ளிக்கொண்டு இருக்கிறோம் என்றால் மனம் நோகிறது. ஆராவது துணிந்து தொடங்கத்தானே வேண்டும்?


துளைக்காரன் எழுதியது:

தங்கச்சி, நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் 19 வருடம் குழாய்க் கிணறு அடித்தவன் நான். அதற்குப் பிறகு நாலு வருடம் கென்யாவில், நைவாஷா ஏரிக்குக் கிட்ட ஓல்காரியா என்ற இடத்தில், புவிவெப்பக் கிணறு தோண்டும் ரிக்கில் மெக்கானிக்காக வேலை செய்தேன். இரண்டு வகைத் துளையையும் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் நம்மூர்க் கதை. வவுணதீவுக்கு அங்கால் ஒரு வளவு. புருஷன் இல்லாத பிள்ளை, மூன்று குழந்தைகள். தண்ணீருக்கு அரைக் கட்டை தூரம் நடக்கிறா. தாலிக்கொடியை அடகு வைத்து எங்களைக் கூப்பிட்டா. கருங்கல்லில் அடிக்கும்போது கொம்பிரசர் காற்றோடு சாம்பல் நிறத் தூள் புகை மாதிரி மேலே வரும். கீழே ஈரம் தட்டினால் தூள் பறக்காது, உருண்டு உருண்டு காலடியில் விழும். அதை எடுத்துக் கையில் பிசைந்து பார்ப்போம். அன்றைக்கு 40 மீற்றர், 55, 70 என்று போனோம். தூள் பறந்துகொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் வந்து என் கையைப் பார்த்துவிட்டுப் போகும். கடைசி வரைக்கும் உருளவில்லை.

தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் மீற்றர் கணக்குக்குக் காசு என்பதுதான் பேச்சு. டீசலுக்கும் பெடியன்களின் சம்பளத்துக்கும் நான் கட்ட வேண்டும். வாங்கினேன். அந்த வளவைத் தாண்டிப் போகும்போது இன்றைக்கும் என்னால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடிவதில்லை.

புவிவெப்பத்திலும் காசு போகும் இடம் இதுதான் தங்கச்சி. துளை. அதிலும் முதல் துளை. மின்நிலையம் கட்டுவதில் பெரிய சூதாட்டம் ஒன்றும் இல்லை. டர்பைனைக் கடையில் விலை கேட்டு வாங்கலாம், உத்தரவாதமும் தருவார்கள். கீழே சூடு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதற்கு உத்தரவாதம் தர ஒருவராலும் முடியாது. தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். தோண்டுவதற்குத்தான் காசு போகிறது. ஆபத்து எல்லாம் முன்னுக்கு, வருமானம் எல்லாம் பின்னுக்கு. வங்கிக்காரன் முதல் துளைக்குக் கடன் தராததன் காரணம் இதுதான். நல்ல கிணறு இரண்டு மூன்று கையில் இருந்தால் அவன் தானாகவே வருவான். வங்கி தயங்கும் இடத்துக்கு உங்கள் வாய்க்கால் காசைக் கேட்கிறார்கள். அதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 14 நாடுகளில் தோண்டிய 2,600க்கு மேற்பட்ட புவிவெப்பக் கிணறுகளைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 78 கிணறு உதவியிருக்கிறது. ஒரு இடத்தில் முதன்முதலாகத் தேடித் தோண்டும் கட்டத்தை மட்டும் எடுத்தால் அது 59க்கு இறங்கிவிடுகிறது. அதிலும் அந்தக் கணக்கில் பெரும்பாலானவை எரிமலை நாடுகள். ஓல்காரியாவில் 2, 3 கிலோமீற்றர் ஆழத்தில் 300 பாகையைத் தாண்டும். அங்கேயே குளிர்ந்த கிணறு வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் இரவு பகலாகத் தோண்டி, திறந்து விட்டால் சோம்பலாகக் கொஞ்சம் ஆவி வந்து நின்றுபோனது. நல்ல கிணறு திறக்கும்போது காதில் பஞ்சு வைத்தாலும் நெஞ்சுக்கூடு அதிரும். அன்றைக்கு ரிக்கில் நின்ற எல்லோரும் பேச்சில்லாமல் சாமான்களைக் கழுவினோம். பல மில்லியன் டொலர் போன நாள்.

காலக் கணக்கையும் கேளுங்கள். ஓல்காரியாவில் முதல் இரண்டு துளையும் 1950களில் போட்டது. அவை உதவவில்லை. 15 மெகாவாட் முதல் இயந்திரம் ஓடியது 1981இல். கென்யாவிலேயே மெனெங்காய் என்ற இன்னொரு இடத்தில் 2011இல் தோண்டத் தொடங்கினார்கள், முதல் மின்சாரம் 2023இல் வந்தது. இவ்வளவு அனுபவம் உள்ள நாட்டில் இந்தக் கணக்கு என்றால், உங்களிடம் சொன்ன இரண்டு வருடத்தை எப்படி நம்புவது?

கென்யாக்காரர் ஒரு நல்ல வேலை செய்தார்கள். துளையின் ஆபத்தைத் தனியார் தாங்க மாட்டார்கள் என்று கண்டு, 2008இல் அரசே அதற்கென ஒரு நிறுவனத்தை அமைத்தது. ஆய்வு, தோண்டுதல் எல்லாம் அரசின் பொறுப்பு. ஆவி வந்த பிறகு தனியார் வந்து டர்பைன் வைக்கலாம். கிழக்கு ஆபிரிக்க நாடுகளுக்கென்று ஆபிரிக்க ஒன்றியமும் ஜேர்மன் அபிவிருத்தி வங்கியும் சேர்ந்து 2012இல் ஒரு நிதியம் தொடங்கின. மேற்பரப்பு ஆய்வுச் செலவில் 80 வீதம், தேடல் கிணற்றுச் செலவில் 40 வீதம் அது கொடுக்கும். ஐஸ்லாந்திலும் அப்படித்தான் வளர்ந்தது. அரச நிதியத்தில் கடன் எடுத்துத் தோண்டலாம், கிணறு சரிவராவிட்டால் திருப்பிக் கட்டத் தேவையில்லை. முதல் துளையின் பாரத்தை ஏதோ ஒரு பெரிய தோள் வாங்கிக்கொண்ட இடங்களில்தான் இந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது.

அம்பாறைத் தம்பி, துணிய வேண்டும் என்பதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் துணிகிறவன் தோற்றால் எழும்பக் கூடியவனாக இருக்க வேண்டும்.


கரடியனாறு செயலாளர் எழுதியது:

அண்ணன், அந்தப் பிள்ளையின் கதையை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மிக்க நன்றி.

ஒரு விஷயம். எரிமலை இல்லாமலே முடியும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அலாஸ்காவில் 74 பாகை வெந்நீரில் மின்சாரம் எடுக்கிறார்களாம். அம்பாறைக் காட்டுக்குள் இருக்கும் கபுரெல்ல ஊற்று கிட்டத்தட்ட அதே சூடாம். அது பொய்யா?


கல்லடி பௌதிகம் எழுதியது:

உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பொய் இல்லை சகோதரி. அலாஸ்காவில் சீனா என்ற வெந்நீரூற்று விடுதியில் 2006இல் இருந்து அப்படி ஓடுகிறது. (நாட்டின் பெயர் இல்லை, அந்த இடத்தின் பெயரே அதுதான்.) தண்ணீர் 74 பாகை. அந்தச் சூட்டில் தண்ணீர் கொதிக்காது என்பதால், குறைந்த சூட்டில் கொதிக்கும் வேறொரு திரவத்தைக் குழாயில் சுற்றவிட்டு, வெந்நீரால் அதை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி ஓட்டியது போல. ஒவ்வொன்றும் 200 கிலோவாட் அளவான இயந்திரங்கள்.

ஆனால் வெப்ப இயந்திரம் ஓடுவது சூட்டினால் மட்டும் இல்லை. சூட்டுக்கும் குளிருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தால் ஓடுகிறது. அவர்களுக்குக் குளிர்விக்கக் கிடைக்கும் தண்ணீர் 4 பாகை. 74க்கும் 4க்கும் இடையில் 70 பாகை இறக்கம். நமக்கு ஆற்றுத் தண்ணீரே 28, 30 பாகை. கபுரெல்ல 73 என்றே வைத்துக்கொள்வோம், இறக்கம் 43தான். அதோடு அது யானைக் காடு, வீதியும் இல்லை, மின்கம்பியும் இல்லை.

மகா ஓயாவுக்குக் கணக்குப் போடுவோம். போன வருடம் மாணவர்களோடு போனபோது ஆகச் சூடான கிணற்றில் என் வெப்பமானி 54 காட்டியது. 54க்கும் 30க்கும் இடையில் இயற்கை அனுமதிக்கும் உச்ச வினைத்திறனே 7 வீதம். உண்மையான இயந்திரம் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் தரும், 3 வீதம் என்று எடுங்கள். செக்கனுக்கு 10 லீற்றர் தண்ணீரை 10 பாகை குளிரவிட்டால் வரும் வெப்பம் 420 கிலோவாட். அதில் 3 வீதம் 12 கிலோவாட் சொச்சம். பம்பிகளே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். இதே கணக்கில் 5 மெகாவாட் வேண்டுமானால் செக்கனுக்கு 4,000 லீற்றர் வேண்டும். அது ஊற்று இல்லை, ஆறு.

அவர்கள் சொல்லக்கூடிய ஒரே நியாயமான பதில், ஆழத்தில் சூடு கூட என்பது. அதிலும் உண்மை இருக்கிறது. இலங்கையில் எரிமலை கிடையாது, கீழே நெருப்பும் எரியவில்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி, வேறு வெடிப்புகளால் மேலே வருகிறது. உயர்நிலப் பாறைத் தொகுதியும் விஜயன் என்ற பாறைத் தொகுதியும் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் மஹபெலெஸ்ஸவில் இருந்து மகா ஓயா, நெலும்வெவ வரை ஊற்றுகள் வரிசையாக வருகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கா போன்றவற்றை வைத்துக் கீழே 100 பாகைக்கு மேல் இருக்கலாம் என்று நம் நாட்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 120 பாகை என்று எடுத்தால் செக்கனுக்கு 260 லீற்றர் அளவில் 5 மெகாவாட்டைத் தொடலாம். தாய்லாந்தில் ஃபாங் என்ற இடத்தில் 1989இல் இருந்து இப்படிச் சூடான தண்ணீரில் ஒரு நிலையம் ஓடுகிறது. அதுவும் வெப்ப நாடுதான். அதன் அளவு 300 கிலோவாட், அதாவது ஒரு மெகாவாட்டில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

செக்கனுக்கு 260 லீற்றர் நம் கருங்கல்லில் கிடைக்குமா என்பதைத் துளைக்கார அண்ணன்தான் சொல்ல வேண்டும்.


துளைக்காரன் எழுதியது:

சேர், நம்ம பாறையில் குழாய்க் கிணறு செக்கனுக்கு ஒரு லீற்றர் தந்தாலே வீட்டுக்காரர் எங்களுக்குச் சோறு போட்டு அனுப்புவார்கள். இரண்டு தந்தால் ஊரே வந்து பார்க்கும்.

இதைத்தான் சொல்ல வந்தேன். சூடு ஒரு கேள்வி, ஓட்டம் இன்னொரு கேள்வி. நிலத்தில் ஆழம் போகப் போக எங்கேயும் சூடு கூடத்தான் செய்யும். சாதாரணமாகக் கிலோமீற்றருக்கு 25, 30 பாகை. மூன்றரைக் கிலோமீற்றர் போனால் 120 கிடைக்கலாம். ஆனால் அங்கே வெடிப்பு இல்லாத கருங்கல் இருந்தால் அது சூடான கல், அவ்வளவுதான். எங்கள் கிணற்று ரிக் போவது 100 மீற்றர். அதைவிட 35 மடங்கு ஆழத்துக்குப் போகிற ரிக்கைக் கப்பலில் கொண்டுவர வேண்டும். வாடகை நாள் கணக்கில் ஓடும், துளைக்கும் முனையான பிட் உடைந்து கீழே விழுந்தால் அதை மீன் பிடிக்கிற மாதிரித் தேடிக்கொண்டு வாரக் கணக்கில் நிற்க வேண்டும்.

ஓட்டம் இல்லாவிட்டால் தண்ணீரை அழுத்தத்தோடு இறக்கிப் பாறையை வெடிக்க வைப்போம் என்று அவர்கள் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குக் கீழே 2006 டிசம்பரில் அப்படிச் செய்து 3.4 அளவில் நிலம் ஆடியது. திட்டத்தையே மூடினார்கள். கொரியாவில் போஹாங்கில் 2017 நவம்பர் 15 அன்று 5.4. ஆட்கள் காயப்பட்டார்கள், வீடுகள் சேதம். புவிவெப்பத் திட்டம்தான் அதைத் தூண்டியது என்று 2019இல் அரசு அமைத்த ஆய்வுக் குழுவே சொன்னது.


சம்மாந்துறை மில்காரர் எழுதியது:

தங்கச்சி, நான் நெல் மில் வைத்திருக்கிறவன். கரண்ட் கணக்கு எனக்கு விளங்காது, சூட்டுக் கணக்கு நல்லா விளங்கும்.

மகா ஓயாவில் கிடப்பது எனக்கு மின்சாரமாகத் தெரியவில்லை, காய வைக்கிற சூடாகத்தான் தெரிகிறது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில். சில வருடம் மழை அந்த நேரம் பார்த்து விடாது. நெல்லுச் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரத்துக்கு மேல் எடுக்காது. தார் ரோட்டில் பாய் விரித்த மாதிரி நெல்லைப் பரப்பி, மழை கறுத்தால் பிள்ளைகுட்டி எல்லாம் ஓடிவந்து கூட்டி அள்ளுகிறதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் ஈர நெல்லை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகிற கமக்காரரின் முகத்தை நான் தராசுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். எனக்கு அதில் இலாபம் என்றாலும் மனம் கேட்காது.

நெல் காய 45 பாகைக் காற்றுப் போதும். அதைவிடக் கூடினால் அரிசி குருணையாகிவிடும். 54 பாகைத் தண்ணீரைக் குழாயில் விட்டு, குழாய்மேல் காற்றடித்தால் அந்தச் சூடு வருமே? சேர், செக்கனுக்கு 10 லீற்றர் என்றீர்களே, அதால் எவ்வளவு நெல் காயும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். எங்கள் மில்லுக்குள் இது தேவையில்லை. உமி சும்மா கிடைக்கிறது, அடுப்பு அதில் எரிகிறது. இது மில் இல்லாத கமக்காரர் பக்கத்துக்குத்தான் உதவும்.


கல்லடி பௌதிகம் எழுதியது:

காக்கா, போட்டுப் பார்த்தேன். ஒரு தொன் நெல்லை 20 வீத ஈரத்தில் இருந்து 14க்கு இறக்க 70 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். பாதி வெப்பம் வீணானாலும் அந்த 420 கிலோவாட்டால் மணிக்கு நாலு தொன் காயும். 12 கிலோவாட் மின்சாரம் தந்து நின்ற அதே தண்ணீர்! ஓட்டம் அதில் பத்தில் ஒன்றாக இருந்தாலும் ஒரு நாளைக்கு 9, 10 தொன். கணக்கைத் திரும்பவும் சரிபார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.


மகா ஓயா மருமகள் எழுதியது:

நான் மட்டக்களப்பில் பிறந்து மகா ஓயாப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். இவ்வளவு பேர் எழுதுகிறீர்கள், அந்த ஊற்றுகளுக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் வாதத்துக்கும் மேல் உளைவுக்கும் அங்கேதான் போகிறார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் ஒரே கிணற்றுக் கட்டில் இருந்து குளிக்கிற இடம். நியூசிலாந்தில் வைரக்கேயில் 1958இல் புவிவெப்ப நிலையம் வந்தபின் பக்கத்துப் பள்ளத்தாக்கில் பீறிட்டுக்கொண்டிருந்த வெந்நீர் ஊற்றுகள் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அடங்கிப்போயின. எடுத்த தண்ணீரைத் திரும்ப நிலத்துக்குள் விடாததால் வந்த வினை. இங்கே அப்படி ஒன்று நடந்தால் எந்தப் பங்கு இலாபம் ஈடாகும்?

இன்னொன்று, இந்த வெந்நீரில் புளோரைட்டு உண்டு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடு ஏற்கெனவே இருக்கிறது. காய வைத்து முடிந்த தண்ணீரை வாய்க்காலில் விட்டால் அது கிணறுகளுக்குத்தான் வரும்.


துளைக்காரன் எழுதியது:

மகள் சொன்னது முழுக்கச் சரி. ஓல்காரியாவில் தோண்டும்போதே பாதிக் கவலை, எடுத்ததை எங்கே திரும்ப இறக்குவது என்பதுதான். ஒரு கிணற்றால் எடுத்தால் இன்னொரு கிணற்றால் இறக்க வேண்டும். கிட்ட இறக்கினால் சூடான தண்ணீரை அது குளிராக்கிவிடும், தூர இறக்கினால் அழுத்தம் குறைந்துவிடும். 5 மெகாவாட் புத்தகத்தில் இறக்கும் கிணற்றுக்குச் செலவு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள் தங்கச்சி. போடாவிட்டால் அவர்கள் இந்தத் தொழில் தெரியாதவர்கள்.

கூட்டத்தில் என்ன கேட்பது என்றும் எழுதுகிறேன். எந்த ஆய்வை வைத்து 5 மெகாவாட் என்கிறார்கள், அதை யார் செய்தது, முழு அறிக்கையைக் காட்டுவார்களா? கிழக்கிலும் தெற்கிலும் சில ஊற்றுகளில் நிலத்தின் மின்தடையை ஆழமாக அளந்த ஆய்வுகள் ஏற்கெனவே நடந்திருக்கின்றன. அவற்றையாவது வாசித்திருக்கிறார்களா? நம் நாட்டுச் சட்டப்படி இந்த வளம் அரசுக்குச் சொந்தம். நிலைபெறுதகு சக்தி அதிகாரசபையின் அனுமதிக் கடிதம் எங்கே? முதல் துளை சரிவராவிட்டால் யாருடைய காசு போகும், அதை ஒப்பந்தத்தில் எந்த வரியில் எழுதியிருக்கிறார்கள்? தங்கள் சொந்தக் காசில் எவ்வளவு போடுகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லும்போது வாயைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள்.

ஒழுங்காகச் செய்கிறவன் படிப்படியாகத்தான் போவான். முதலில் நீர்ச் சோதனை, பிறகு மேலிருந்து அளவை, பிறகு சூடு எப்படிக் கூடுகிறது என்று பார்க்கச் சின்னத் துளைகள். ஒவ்வொரு படியிலும் நின்று, இனிப் போகலாமா திரும்பலாமா என்று யோசிப்பான். திரும்பினால் அதுவரை போனது சின்னக் காசு. எல்லாக் காசையும் ஒரே நாளில் கேட்கிறவனிடம் அந்தப் படிகள் இல்லை என்று அர்த்தம்.

மில்கார மச்சான் சொன்னதுக்குப் பெரிய ரிக் தேவையில்லை. ஊற்றுகளில் கை வைக்காமல், தள்ளி ஒரு இடத்தில் சின்னத் துளை, அதற்கும் முன்னால் பிரதேச செயலகத்திலும் சுற்றாடல் அதிகாரசபையிலும் அனுமதி, திரும்ப இறக்க இன்னொரு துளை. சரிவராவிட்டாலும் எத்தனை இலட்சம் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அந்தத் துளைக்கு என் வாய்க்கு வந்த விலையைச் சொல்ல மாட்டேன், டீசல் காசுக்கு வந்து அடித்துத் தருகிறேன். தண்ணீர் வராவிட்டால் அதையும் வாங்க மாட்டேன்.


கரடியனாறு செயலாளர் எழுதியது:

கூட்டம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். அவர்களில் ஒருவர்தான் வந்திருந்தார். இறக்கும் கிணற்றுச் செலவைக் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டினார், புரட்டினார், பிறகு தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அனுமதிக் கடிதம் "வந்துகொண்டிருக்கிறது". சொந்தக் காசு எவ்வளவு என்று கேட்டதற்கு, தாங்கள் போடுவது அறிவு என்று சொன்னார். அப்போது பின்வாங்கில் இருந்த கந்தப்போடியார் எழும்பி, "தம்பி, எங்கட பதினாலு இலட்சமும் அறிவுதான், பதினொரு வருசத்து அறிவு" என்று சொல்லிவிட்டு இருந்தார். அதற்குப் பிறகு கை தூக்கச் சொல்லத் தேவைப்படவில்லை.

அத்தானுக்கும் சேரின் கணக்கை அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் மறுமொழி போடவில்லை.

நெல் காய வைக்கிற கதையை நான் எடுத்தபோது கூட்டம் கலைய மறுத்துவிட்டது. மகா ஓயாப் பக்கத்துக் கமக்காரர் அமைப்போடு பேச, சிங்களம் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரைத் தெரிவு செய்திருக்கிறோம். மகள், உங்கள் மாமனார் ஊரில் யாரைப் பிடிக்கலாம் என்று தனிமடலில் எழுதுங்கள். கல்லடி சேர், அடுத்த சனிக்கிழமை வெப்பமானியோடும் ஒரு வாளியோடும் வர முடியுமா? ஊற்று வழிந்தோடும் வாய்க்காலில் செக்கனுக்கு எத்தனை லீற்றர் போகிறது என்று முதலில் அளந்துவிடுவோம். அண்ணன், நீங்களும் வர வேண்டும். சாப்பாடு நாங்கள் கட்டிக்கொண்டு வருகிறோம்.